செக்போஸ்ட்டில் ஆறு நிமிடம்

அவருக்குப் பஞ்சுக்கால் என்று பெயர் வைத்தவர்கள் எண்ணெய் டிப்போவில் லோடு ஏற்றும் ஆட்கள். டேங்கர் லாரியின் ஆக்ஸிலரேட்டரை அவர் மிதிக்கிற மாதிரியே தெரியாது. காலை வைப்பார், வண்டி நகரும், அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் லிட்டர் பெட்ரோலை முதுகில் சுமந்துகொண்டு அவர் வளைவில் திரும்பினால் டேங்குக்குள் இருக்கும் எண்ணெய்க்குத் தூக்கம் கலையாது என்பார்கள். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓட்ட ஆரம்பித்த புதிதில் மூடியில்லாத தண்ணீர் பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் ஓட்டிப் பழகினார். இரண்டு வருடம் கால்சட்டை நனைந்தது. மூன்றாவது வருடத்திலிருந்து நனையவில்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

அந்த மனிதரைத்தான் டீசலை வீணடிக்கிறவர் என்று டிப்போ வாசலில் சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டார்கள்.

வருடத் தொடக்கத்தில் எண்ணெய் கம்பெனிக்குத் திடீரென்று சிக்கனத்தின் மேல் காதல் வந்தது. 'ஒவ்வொரு துளியும் உயிர்த்துளி' என்று வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். டிரைவர்களையெல்லாம் குளிர்சாதன அறையில் உட்கார வைத்து ஒரு பயிற்சி அதிகாரி வகுப்பு எடுத்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் டை, கையில் ரிமோட். டிரைவர்களுக்கு அவர் அன்றிலிருந்து டைக்காரர்.

"ஒரு நிமிஷத்துக்கு மேல வண்டி நின்னா இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. சும்மா நிக்கிற வண்டி குடிக்கிற டீசல் நம்ம நாட்டோட ரத்தம்" என்றார் டைக்காரர்.

பின்வரிசையில் மைக்செட் எழுந்தார். தொண்டைக்காகவே அந்தப் பெயர் வாங்கிய டிரைவர். "சார், எனக்கு ஒரு சந்தேகம். எண்ணெய் விக்கிறதே நீங்கதான். நீங்களே வாங்காதேன்னா வியாபாரம் படுத்துடாதா?"

அறை சிரித்தது. டைக்காரரும் சிரித்தார். "இது சமூகப் பொறுப்பு அண்ணே."

"அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கேட் பக்கமும் காட்டுங்க சார். காலைல அஞ்சு மணிக்கு வரிசைல நின்னா ஒன்பதுக்குத்தான் லோடு. நாலு மணி நேரம் பத்தடி பத்தடியா ஊர்ந்துட்டு இருக்கோம். அதுல போறது யாரு ரத்தம்?"

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றார் டைக்காரர்.

கையை நீட்டி எல்லாரும் உறுதிமொழி சொன்னார்கள். ஆளுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. மறுநாளே ஒவ்வொரு லாரியின் டாஷ்போர்டுக்கு அடியிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். இன்ஜின் ஓட, வண்டி ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் அது பீப் பீப் என்று கத்தும். கத்தினால் ஒரு சிவப்புப் புள்ளி. மாதக் கடைசியில் புள்ளிகளைக் கூட்டி, குறைந்தவர்கள் பத்துப் பேரைப் பச்சையிலும், கூடியவர்கள் பத்துப் பேரைச் சிவப்பிலும் வாசல் போர்டில் எழுதுவார்கள். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பில் இருந்தால் டிப்போவுக்குள் நுழையும் பாஸ் ரத்து.

பஞ்சுக்கால் முதல் மாதம் சிவப்பில் முதல் ஆள். இரண்டாம் மாதமும் அவர்தான்.

காரணம் மலை. டிப்போவிலிருந்து பெட்ரோல் பங்க்குகள் இருக்கிற பக்கம் போக ஒரு மலையைத் தாண்ட வேண்டும். உச்சியில் செக்போஸ்ட். அங்கே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கிப் போய்ப் பேப்பரில் முத்திரை வாங்கி வரக் கால் மணி நேரம் ஆகும். இறக்கத்தில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவுக்குக் கீழே மார்க்கெட், அதை ஒட்டிப் பஸ் நிறுத்தம்.

லாரியின் பிரேக்கைப் பிடிப்பது காற்று. இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸர் காற்றை உருளைக்குள் ஏற்றும். அந்தக் காற்று இருக்கும்வரைதான் பிரேக். மீட்டரில் முள் ஆறைத் தாண்டினால் இறங்கலாம். நல்ல வண்டியில் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் முள் அசையாமல் நிற்கும். பஞ்சுக்காலின் வண்டி நல்ல வண்டி இல்லை. வால்வில் கசிவு, கம்ப்ரஸர் தேய்ந்து கிடந்தது. முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் முள் மூன்றுக்கு விழுந்திருக்கும். காற்று குறைந்தால் கத்த வேண்டிய எச்சரிக்கை மணியும் கத்திக் கத்திச் செத்துப் போயிருந்தது. இன்ஜினைப் போட்டு, முள் ஆறைத் தொடும்வரை நின்றுதான் அவர் இறங்குவார். ஆறு நிமிடம் ஆகும். கருவிக்கு அது ஆறு நிமிட வீண். போகிற நடைக்கெல்லாம் சிவப்பு.

வண்டியின் ஓனரிடம் அவர் சொல்லாமல் இல்லை.

"அடுத்த மாசம் பாத்துடலாம்" என்று ஓனர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதச் சிவப்பு வந்த பிறகு பேச்சு மாறியது. "நீ காத்து காத்துன்னு கத்திட்டே இரு. மத்தவன்லாம் இறங்கலையா? உன் மச்சான் பச்சைல மூணாவது இருக்கான். அவன் வண்டியும் அதே வயசுதான்."

"அவன் வண்டிக்கும் மூணு நிமிஷம் நிக்கணும், முதலாளி."

"அவன் நிக்கலையே! இந்த மாசமும் நீ சிவப்புன்னா உன் பாஸ் போயிடும். உன் வண்டிய உன் மச்சான் கைல குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாத."

மச்சான் என்பது பஞ்சுக்காலின் மனைவியின் தம்பி. ராக்கெட் என்றால்தான் டிப்போவில் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஓனரிடம் சிபாரிசு செய்து வண்டி வாங்கிக் கொடுத்ததே பஞ்சுக்கால்தான். அவன் எப்படிப் பச்சையில் இருக்கிறான் என்று அவருக்கு அதுவரை புரியவில்லை. ஓனர் பேசிய மறுநாள் செக்போஸ்ட்டில் அவனுக்குப் பின்னால் நின்றபோது புரிந்தது. முத்திரை வாங்கி வந்தான், ஏறினான், கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் வண்டி இறக்கத்தில் இருந்தது. அதைவிட மோசம், இன்ஜின் முனகவே இல்லை. கியரில் இறங்குகிற வண்டி முனகும். அவன் நியூட்ரலில் விட்டிருந்தான்.

பங்க்கில் அவனைப் பிடித்தார்.

"முள்ளு எங்கடா இருந்துச்சு?"

"எந்த முள்ளு மாமா?"

"பல்லைப் பேத்துடுவேன். காத்து எவ்ளோ இருந்துச்சு?"

"நாலுக்கிட்ட. அது இறங்க இறங்க ஏறிக்கும் மாமா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அங்கேதான் அந்தப் பிழை இருந்தது. டேங்கர் ஓட்டுகிறவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத பிழை. இறங்க இறங்கக் காற்று ஏறும் என்பது பொய்யில்லை. கியரில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், காற்றும் ஏறும். நியூட்ரலில் இன்ஜின் தூங்கும். ஏறுகிற காற்று துளி, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் குடிக்கிற காற்று குடம். நியூட்ரலில் விடாதே என்று டைக்காரரும் வகுப்பில் சொல்லத்தான் செய்தார். ஆனால் கருவி அதைப் பிடிக்கவில்லை. நிற்பதை மட்டும் பிடித்தது. மெதுவாகச் சுற்றுகிற இன்ஜினை நல்ல பிள்ளை என்று பாராட்டியது.

"நியூட்டர்ல விடாத. நின்னு இறங்கு" என்றார் பஞ்சுக்கால்.

"நின்னா உங்களை மாதிரி போர்டுல சிவப்புல தொங்கணும். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு மாமா."

அந்தப் பதிலுக்குப் பிறகு அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பையன் மேல் பாதி. மீதி, ஒருவன் பிள்ளைகளுக்காகப் பிரேக் இல்லாமல் இறங்குகிற நிலையை உண்டாக்கிவிட்டு அதற்கு உயிர்த்துளி என்று பேனர் கட்டினவர்கள் மேல்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியை மேசையில் விட்டெறிந்தார். அது வழுக்கிப் போய் மனைவி மடித்து வைத்திருந்த துணியடுக்கின் மேல் விழுந்தது.

"நாளைக்கு அந்தாள் மூஞ்சிலயே எறிஞ்சுட்டு வந்துடறேன். இருபத்தேழு வருஷம் ஓட்டினவன் வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி இனிமே வீட்ல உக்காந்துக்கிறேன்."

"எறியுங்க" என்றாள் மனைவி. துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எத்தனை நாளைக்குத்தான் மூக்கு மேல கோவத்தை வச்சுக்கிட்டு சுத்துவீங்க? என் தம்பியும் அதே கம்பெனிலதான ஓட்றான். அவனுக்கு மட்டும் எப்படிப் பச்சை வருது?"

அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் வடிகட்டியின் குழாயைத் திறந்து, அடியில் ஒரு டம்ளரை வைத்தார். அது நிறைந்ததும் குழாயை மூடினார். டம்ளரை எடுத்து வந்து மனைவியின் முன் வைத்து, பாதியைக் கீழே கொட்டினார்.

"இதான் காத்து. மேலே வந்து நிக்கிறப்ப பாதிதான் இருக்கு. ஒரு வளைவுக்கு இவ்ளோ போகும்." இன்னும் கொஞ்சம் கொட்டினார். "ரெண்டாவது வளைவு." கொட்டினார். "மூணாவது. இன்னும் ஆறு வளைவு இருக்கு. டம்ளர்ல எவ்ளோ இருக்கு பாரு. உன் தம்பிக்குப் பச்சை இப்படித்தான் வருது."

தரை முழுக்கத் தண்ணீர். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சாவியைக் குடுத்தா அந்த வண்டி யாருக்குப் போகும்?"

"அவனுக்கு."

"அது இதைவிட மோசமா?"

"ரெண்டு மடங்கு மோசம்."

அவள் எழுந்து போய்த் துடைப்பான் எடுத்து வந்தாள். தண்ணீரைத் துடைத்தாள். பிறகு சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள். "அப்ப குடுக்காதீங்க. யார் கால்ல விழணுமோ விழுங்க. குடுக்காதீங்க."

பஞ்சுக்கால் யார் காலிலும் விழவில்லை. மறுநாள் டிப்போவில் டைக்காரரின் அறைக்குப் போய், உட்காரச் சொல்லும்வரை காத்திராமல் உட்கார்ந்தார்.

"மூணு மாசம் சிவப்புல இருந்தா நீங்க நேர்ல ஆய்வு பண்ணி எழுதணும்னு விதி இருக்குல்ல சார்?"

"இருக்கு. ஆனா டேட்டாவே எல்லாம் சொல்லுதே அண்ணே. நீங்க ஒரு நடைக்கு ஆறு நிமிஷம் சும்மா நிக்கிறீங்க."

"சும்மா நிக்கிறேன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நடை கூட வாங்க. உங்க டேட்டா கூட நானும் பேசணும்."

டைக்காரர் கொஞ்சம் யோசித்தார். மோசமான ஆள் இல்லை அவர். லாரியில் ஏறியதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே வந்தார். கேபினில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். மலை ஏறும்போது பஞ்சுக்காலின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "ரொம்ப ஸ்மூத்தா ஓட்றீங்களே" என்றார்.

செக்போஸ்ட்டில் விதிப்படி இன்ஜினை அணைத்தார். முத்திரை வாங்கி வந்தார். ஏறி இன்ஜினைப் போட்டார். முள் மூன்றில் இருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் கருவி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. டைக்காரர் அனிச்சையாகத் தன் கைபேசியைத் தொட்டுப் பார்த்தார்.

பஞ்சுக்கால் பிரேக்கை மூன்று முறை மிதித்துக் காட்டினார். ஒவ்வொரு மிதிக்கும் முள் கீழே இறங்கியது. மூன்றுக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருந்த முள் இரண்டுக்கு வந்தது.

"சார், முன்னால பாருங்க" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே சாலை கீழ்நோக்கிப் போய் முதல் வளைவில் காணாமல் போயிருந்தது. வெகு கீழே மார்க்கெட்டின் தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. ஒரு பஸ் பொம்மை மாதிரி வந்து நின்றது.

"பின்னால பன்னண்டாயிரம் லிட்டர் பெட்ரோல். உங்க பெட்டி கிளம்புங்குது. பெட்டி சொன்ன மாதிரியே பண்ணுவோம்." கையைக் கியரில் வைத்தார். "இறங்கலாமா சார்?"

டைக்காரர் முள்ளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். டையை இழுத்துத் தளர்த்தினார்.

"வேணாம்ணே. ஓடட்டும்."

"பீப் கத்துதே?"

"கத்தட்டும். ஓடட்டும். முள்ளு ஏறட்டும்."

"சத்தமா சொல்லுங்க சார், பெட்டிக்குக் கேக்கட்டும்."

இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று. நான்கு. நான்கரை. முதலில் குறைத்துக் காட்டியதால் அன்றைக்கு எட்டு நிமிடம் பிடித்தது. அந்த எட்டு நிமிடத்தில் டைக்காரர் மூன்று முறை சீட் பெல்ட்டைச் சரி பார்த்தார். இறங்கும்போது இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. பங்க்குக்கு வந்ததும் டைக்காரர் நோட்டை எடுத்தார்.

"இந்த வண்டியை உடனே ரிப்பேருக்கு அனுப்பச் சொல்லி எழுதறேன். பாஸ் ரத்து ஆகாது. ஆனா அந்தப் புள்ளியை என்னால அழிக்க முடியாதுண்ணே. சிஸ்டம்."

"நீங்களும் கூடத்தான உக்காந்திருந்தீங்க?"

"சிஸ்டத்துக்கு அது தெரியாது."

எழுதினார். கம்பெனி கடிதம் போனதும் ஓனர் பாய்ந்து வந்து வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டார். பார்ட் வரவில்லை. அடுத்த மாதம் முழுக்க வண்டி ஜாக்கியின் மேல் சக்கரங்கள் இல்லாமல் நின்றது. பஞ்சுக்கால் தினமும் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ராக்கெட் பழைய வண்டியிலேயே ஓடினான், பழையபடியே இறங்கினான்.

அந்த மாதக் கடைசியில் வாசல் போர்டில் பச்சை வரிசையில் முதல் பெயர் பஞ்சுக்காலுடையது. அந்த மாதம் முழுக்க அவர் வண்டியில் ஒரு சிவப்புப் புள்ளிகூட விழவில்லை. விழ வண்டி எங்கே ஓடியது? கருவிக்கு அதுவும் தெரியாது. இரண்டாவது பெயர் ராக்கெட்.

பரிசளிப்புக்கு அதே குளிர்சாதன அறை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய மேலாளர் வந்திருந்தார். பரிசு, கம்பெனி முத்திரை போட்ட ஒரு சுவர்க் கடிகாரம். மேடையில் பச்சைக்காரர்கள் பத்துப் பேரும் வரிசையாக நின்றார்கள். பஞ்சுக்காலைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கின் முன் வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தி அந்த டிப்போவில் யாரும் கேட்டதில்லை.

"என் வண்டி ஒரு மாசமா ஒர்க்ஷாப்ல நிக்குது. சக்கரமே இல்ல. அதான் நான் முதல் ஆள். எல்லாரும் வண்டியைக் கழட்டிப் போட்டுட்டு வீட்ல படுங்க, ஆளுக்கு ஒரு கடிகாரம் கிடைக்கும்."

டிரைவர்கள் சிரித்தார்கள். மைக்செட் விசில் அடித்தார். மேலாளர் பக்கத்திலிருந்த டைக்காரரைப் பார்த்தார். டைக்காரர் தரையைப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க" என்றார் பஞ்சுக்கால். அறை அடங்கியது. "இந்த மேடைல பத்துப் பேர் நிக்கிறோம். மலை மேல காத்து ஏறுற வரைக்கும் நின்னு, கியர்ல இறங்கினவன் எத்தனை பேர்? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ராக்கெட் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா சார்? இவங்களுக்குத்தான் நீங்க பரிசு குடுக்குறீங்க. இவங்க கெட்டவங்க இல்ல. என் மச்சானும் இதுல நிக்கிறான். நின்னா பாஸ் போயிடும்னு நீங்க போர்டுல எழுதினீங்க, அதுக்குப் பயந்து இறங்குறாங்க. கீழ மார்க்கெட்ல நிக்கிறவனுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியணும். கடிகாரம் வேணாம் சார். ஆறு நிமிஷம் குடுங்க. செக்போஸ்ட்ல நிக்கிறதைச் சிவப்புல சேக்காதீங்க."

மேலாளர் புன்னகையுடன் மைக்கை வாங்கினார். "அனுபவசாலியின் அருமையான ஆலோசனை. கண்டிப்பாகப் பரிசீலிப்போம்" என்று சொல்லிக் கைதட்டினார். மற்ற அதிகாரிகளும் கைதட்டினார்கள். கடிகாரம் மேசை மேலேயே கிடந்தது.

பரிசீலனை எந்த அலமாரிக்குள் போனதோ தெரியவில்லை. கருவி கத்திக்கொண்டுதான் இருந்தது. ராக்கெட் பத்து நாள் அவரோடு பேசவில்லை. எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டார் மாமா என்று அக்காவிடம் போனில் குதித்தான். அக்கா என்ன சொன்னாள் என்பது பஞ்சுக்காலுக்குத் தெரியாது. அவள் பேசி முடித்ததும் ராக்கெட்டின் மனைவியைக் கூப்பிட்டு அரை மணி நேரம் தணிந்த குரலில் பேசினாள் என்பது மட்டும் தெரியும்.

வண்டி ரிப்பேர் முடிந்து வந்தது. புது கம்ப்ரஸர், புது வால்வு. முதல் நடையில் செக்போஸ்ட்டில் முத்திரை வாங்கி வந்து ஏறியபோது முள் ஆறரையில் அப்படியே நின்றிருந்தது. அவர் கிளம்பியிருக்கலாம். கிளம்ப முடியவில்லை. முன்னால் ஒரு டேங்கர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இன்ஜின் ஓடியது. திறந்திருந்த கண்ணாடி வழியாக பீப் பீப் என்ற சத்தம் வந்தது.

ராக்கெட் தலையை வெளியே நீட்டினான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன பாக்குறீங்க? ரெண்டு பொம்பளைங்களும் கூட்டு சேந்துட்டாளுங்க. நியூட்டர்ல இறங்கினா வீட்ல சோறு கிடையாதாம். இந்த மாசம் நான் சிவப்புதான். பாஸ் போனா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. மைக்செட்டின் குரல் ஹாரனையும் தாண்டி வந்தது. "யாருய்யா அது வழிய அடைச்சிட்டு? கிளம்புங்கய்யா!"

"காத்து ஏறல!" என்று கத்தினார் பஞ்சுக்கால்.

ஹாரன் நின்றது. பிறகு மைக்செட் ஸ்டார்ட்டரைத் திருப்புகிற ஓசை கேட்டது. அவருடைய வண்டியும் நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்தது. அதற்கும் பின்னால் வேறொன்று. ஒவ்வொரு கேபினிலும் கருவி கத்தியது.

பஞ்சுக்கால் ராக்கெட்டை நோக்கி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார்.

"முள்ளு எங்கடா?"

"அஞ்சு!"

"நில்லு!"